வீட்டுக்கு ஏற்ற வரி! தெருவுக்கு ஏற்ற நீதி!

திருச்சியில் தென்னூர் என்று ஓர் இடம் இருக்கிறது. பெரிய கடைகள் உள்ள சாலையும் அங்கே உண்டு. இரண்டு பேர் ஒன்றாய் நடக்க முடியாத சந்தும் உண்டு. உழவர் சந்தை அங்கே இருக்கிறது. பக்கத்திலேயே தில்லைநகர் இருக்கிறது. ஆஸ்பத்திரிகளும் மாடி வீடுகளும் நிறைந்த பகுதி அது.

பணக்காரத் தெருவில் இருந்து ஏழைத் தெருவுக்கு நடந்து போகப் பத்து நிமிடம் போதும். ஆனால் வாழ்க்கையில் அந்தத் தூரத்தைக் கடக்கச் சிலருக்குப் பத்துத் தலைமுறை ஆகிறது.

இந்த இரண்டு தெருவுக்கும் மாநகராட்சி ஒன்றுதான். வரி போடுவதும் அதுதான். தண்ணீர் விடுவதும் அதுதான். குப்பை அள்ளுவதும் அதுதான்.

அப்படியானால், யாரிடம் எவ்வளவு வாங்குவது? வாங்கியதை எந்தத் தெருவில் செலவு செய்வது?

இது அதிகாரிகள் மட்டும் யோசிக்க வேண்டிய விஷயம் அல்ல. அடுப்பங்கரை வரைக்கும் வந்து நிற்கிற விஷயம். சொந்த வீட்டில் இருப்பவருக்கு வரி நேராக வருகிறது. வாடகைக்கு இருப்பவருக்கு அது வாடகைக்குள் ஒளிந்துகொண்டு வருகிறது. ரசீதில் பெயர் இல்லை. ஆனால் பணம் அவருடையது!

வரி எதற்கு?

வரி என்றால் எல்லோருக்கும் கசப்பு. அது மனித இயற்கை.

காசி நகரத்தில் 1810-ம் ஆண்டு என்ன நடந்தது தெரியுமா? கிழக்கிந்தியக் கம்பெனி அங்கே வீட்டு வரி போட்டது. காசி மக்கள் கொதித்தார்கள். கடைகளை மூடினார்கள். தொழிலை நிறுத்தினார்கள். படகோட்டிகளும் வேலைக்கு வரவில்லை. வீட்டை விட்டு வெளியேறி, வெட்ட வெளியில் கூட்டம் கூட்டமாக உட்கார்ந்தார்கள். கடைசியில் கம்பெனி அரசாங்கம் அந்த வரியைக் கைவிட்டது.

அது அன்னிய ஆட்சி. பணம் எங்கே போகிறது என்று கேட்க மக்களுக்கு உரிமை இல்லை. எனவே கொடுக்க மறுத்தார்கள். அது நியாயம்.

இன்று அப்படி அல்ல. கவுன்சிலரை நாம் தேர்ந்தெடுக்கிறோம். தெரு விளக்கு எரியவும், சாக்கடை ஓடவும், காவிரித் தண்ணீர் குழாயில் வரவும் பணம் வேண்டும். அந்தப் பணத்தின் ஒரு பகுதி வீட்டு வரியில் இருந்து வருகிறது.

இன்னொரு செய்தி. சொத்து வரியோடு சேர்த்து நூலக வரியும் வாங்குகிறார்கள். ரூபாய்க்கு 10 காசு. இந்திய மாகாணங்களிலேயே முதன்முதலாக, 1948-ம் ஆண்டில் நூலகச் சட்டம் கொண்டுவந்தது சென்னை மாகாணம்தான். மாடி வீட்டுக்காரர் கட்டும் வரியில் அந்த 10 காசு சேர்கிறது. அதில்தான், பத்திரிகை வாங்கக் காசு இல்லாத பிள்ளை நூலகத்தில் உட்கார்ந்து படிக்கிறது.

வரி என்பது இதுதான். இருக்கிறவர் கொடுப்பது, எல்லோரும் பயன் அடைவது.

எனவே வரி வேண்டுமா, வேண்டாமா என்பது கேள்வி அல்ல. நியாயமான வரி எது என்பதே கேள்வி.

லண்டனில் நடந்த கதை

பணக்காரப் பகுதிக்கும் ஏழைப் பகுதிக்கும் வரிச் சண்டை நம் ஊரில் மட்டும் வந்தது அல்ல. லண்டனிலேயே வந்தது!

லண்டன் நகரத்தின் கிழக்கே பாப்லர் என்று ஒரு பகுதி. துறைமுகத் தொழிலாளர்கள் வாழ்ந்த இடம். வேலை இருந்தால் கஞ்சி, இல்லாவிட்டால் பட்டினி. மேற்கே வெஸ்ட்மின்ஸ்டர். பிரபுக்களும் பெரிய வியாபாரிகளும் வாழ்ந்த இடம்.

அந்தந்தப் பகுதி அந்தந்தப் பகுதி மக்களிடம் வரி வாங்கி, தன் ஏழைகளுக்குத் தானே உதவி செய்ய வேண்டும். இதுதான் அப்போது சட்டம்.

இதில் உள்ள கோணலைப் பாருங்கள். ஒரு பவுன் மதிப்புக்கு ஒரு பென்னி என்று வரி போட்டால், வெஸ்ட்மின்ஸ்டரில் ஏறத்தாழ 31,700 பவுன் கிடைக்கும். அதே வரி பாப்லரில் போட்டால் ஏறத்தாழ 3,600 பவுன்தான் கிடைக்கும்!

பாப்லரில்தான் ஏழைகள் அதிகம். செலவும் அங்கேதான் அதிகம். ஆனால் வரவு குறைவு. அதனால் பாப்லர் மக்கள் அதிக விகிதத்தில் வரி கட்ட வேண்டியிருந்தது. பணக்காரருக்குக் குறைந்த வரி! ஏழைக்கு அதிக வரி! தலைகீழ் நியாயம்!

1921-ம் ஆண்டு பாப்லர் கவுன்சிலர்கள் ஒரு முடிவு எடுத்தார்கள். லண்டன் மாநகரக் கவுன்சிலுக்குக் கட்ட வேண்டிய பங்கைக் கட்ட மாட்டோம் என்றார்கள். அவர்களுக்கு முன்னணியில் நின்றவர் ஜார்ஜ் லான்ஸ்பரி.

கோர்ட்டு அழைத்தது. ஊர்வலமாகப் போனார்கள். 30 கவுன்சிலர்கள் சிறைக்கு அனுப்பப்பட்டார்கள். அவர்களில் பெண்களும் உண்டு. அந்தப் பெண்களில் ஒருவர் கர்ப்பிணி.

சிறைக்குள்ளேயே கவுன்சில் கூட்டம் நடத்தினார்கள்! ஆறு வாரம் சிறையில் இருந்தார்கள். அரசாங்கம் இறங்கி வந்தது. அவர்கள் விடுதலை ஆனார்கள். ஏழைகளுக்கு உதவும் செலவை லண்டனின் எல்லாப் பகுதிகளும் பகிர்ந்துகொள்ள வேண்டும் என்று அதே ஆண்டில் சட்டம் வந்தது.

ஒரு நகரத்தின் வறுமை அந்த நகரம் முழுவதற்கும் பொறுப்பு. பாப்லர் உலகத்துக்குச் சொன்ன பாடம் இது.

மூன்று ஊர் ஒன்றானது

இப்போது திருச்சிக்கு வருவோம்.

திருச்சியில் நகரசபை ஏற்பட்டது 1866-ம் ஆண்டு. சீரங்கத்துக்குத் தனி நகரசபை இருந்தது. பொன்மலைக்கும் தனி நகரசபை இருந்தது. 1994-ம் ஆண்டு ஜூன் 1-ந் தேதி இவை எல்லாம் சேர்ந்து திருச்சி மாநகராட்சி ஆனது.

தனித்தனியாக இருந்தால் என்ன ஆகும்? எண்ணிப் பாருங்கள்.

சீரங்கத்தில் வைகுண்ட ஏகாதசி வருகிறது. நாடு முழுவதும் இருந்து மக்கள் வந்து குவிகிறார்கள். தெருக்கூட்ட வேண்டும். தண்ணீர் தர வேண்டும். சுகாதாரம் பார்க்க வேண்டும். வந்து போகிறவர்கள் வீட்டு வரி கட்டுவது இல்லை. அந்தச் செலவைச் சீரங்கத்தில் குடியிருப்பவர்கள் மட்டும் தாங்குவது நியாயமா?

பொன்மலையைப் பாருங்கள். அங்கே இருப்பதில் மிகப் பெரிய சொத்து ரெயில்வே தொழிற்சாலை. மத்திய அரசாங்கத்தின் சொத்துக்கு உள்ளூர் வரி போட முடியாது என்று அரசியல் சட்டத்தின் 285-வது பிரிவு சொல்கிறது. கொடுக்கும் வசதிகளுக்குச் சேவைக் கட்டணம் மட்டும் கேட்கலாம். அப்படியானால், பொன்மலையின் சாலைக்கும் சாக்கடைக்கும் அங்குள்ள தொழிலாளியின் சின்ன வீட்டை மட்டும் நம்பி இருக்க முடியுமா?

ஊர் ஒன்று சேரும்போது, வரவும் செலவும் ஒன்று சேர்கின்றன. கடைவீதியில் வரும் பணம் குடிசைப் பகுதிக்குப் போக வழி திறக்கிறது.

வழி திறந்தால் மட்டும் போதுமா? பணம் அந்த வழியில் நடக்க வேண்டும்!

2022-ல் என்ன செய்தார்கள்?

தமிழ்நாட்டில் சொத்து வரி பல ஆண்டுகளாகச் சீரமைக்கப்படாமல் இருந்தது. 2018-ல் உயர்த்தினார்கள். எதிர்ப்பு வந்தது. 2019-ல் நிறுத்தி வைத்தார்கள். பிறகு 2022 ஏப்ரலில் மறுபடியும் உயர்த்தினார்கள். வரியை உயர்த்தினால்தான் நகரங்களுக்கு மானியம் என்று 15-வது நிதிக்குழு நிபந்தனை போட்டது. அதுவும் ஒரு காரணம்.

திருச்சி போன்ற மாநகராட்சிகளில் குடியிருக்கும் வீடுகளுக்கு உயர்வு இப்படி:

600 சதுர அடி வரை 25 சதவீதம்.

601 முதல் 1,200 சதுர அடி வரை 50 சதவீதம்.

1,201 முதல் 1,800 சதுர அடி வரை 75 சதவீதம்.

அதற்கு மேல் 100 சதவீதம். வணிகக் கட்டிடங்களுக்கும் 100 சதவீதம்.

சின்ன வீட்டுக்குச் சின்ன உயர்வு. பெரிய வீட்டுக்குப் பெரிய உயர்வு. இந்த எண்ணம் நல்ல எண்ணம். அதைப் பாராட்ட வேண்டும்.

ஆனால் இதில் ஓர் ஓட்டை இருக்கிறது.

பழைய கோணல் போகவில்லை

உயர்வைக் கணக்குப் போட்டது எதன் மீது? ஏற்கெனவே கட்டிவந்த வரியின் மீது. அந்தப் பழைய வரியே கோணலாக இருந்தால்?

ஒரு கணக்குப் போடுவோம். இது உதாரணக் கணக்குத்தான்.

ஒரே தெருவில் இரண்டு வீடு. இரண்டும் 1,000 சதுர அடி. முதல் வீட்டை எப்போதோ ஓட்டு வீடாக இருந்தபோது அளந்தார்கள். அரையாண்டுக்கு 300 ரூபாய் வரி போட்டார்கள். பிறகு அது மாடி வீடு ஆனது. மறுபடி யாரும் வந்து அளக்கவில்லை. அடுத்த வீடு புதிதாகக் கட்டியது. கடன் வாங்கிக் கட்டியவர் எல்லாவற்றையும் ஒழுங்காகக் காட்டினார். அவருக்கு 1,200 ரூபாய் வரி.

இரண்டுக்கும் 50 சதவீதம் உயர்வு. முதல் வீட்டுக்கு 450 ரூபாய் ஆகிறது. அடுத்த வீட்டுக்கு 1,800 ரூபாய் ஆகிறது.

முன்பு இரண்டுக்கும் வித்தியாசம் 900 ரூபாய். இப்போது 1,350 ரூபாய்!

மறைத்தவருக்கு லாபம். உண்மை சொன்னவருக்கு நஷ்டம். சதவீதத்தில் உயர்த்தும்போதெல்லாம் இந்தக் கோணலும் சேர்ந்து வளரும். 2023-ல் வந்த புதிய விதிகள் ஆண்டுதோறும் வரியை உயர்த்த இடம் கொடுக்கின்றன. எனவே இது இன்னும் வளரும்.

தெருக்களை வகை பிரித்ததிலும் இதே ஆபத்து உண்டு. சதுர அடிக்கு இவ்வளவு என்று பகுதிக்குப் பகுதி வரி வேறுபடுகிறது. நல்லது. ஆனால் ஊர் ஒரே இடத்தில் நிற்பது இல்லை. நேற்று வெறும் புறம்பாக இருந்த இடம் இன்று கடைவீதி. நேற்றுப் பெரிய மனிதர் இருந்த தெரு இன்று இடிந்து கிடக்கிறது. வகை பிரித்த பட்டியலும் ஊரோடு சேர்ந்து மாற வேண்டும். பெரிய சாலைக்குப் பின்னால் ஒண்டியிருக்கிற சந்தை, அந்தச் சாலையோடு சேர்த்து எடை போடக்கூடாது.

"நாங்கள்தானே அதிகம் கட்டுகிறோம்?"

வசதியான பகுதிக்காரர்கள் ஒரு கேள்வி கேட்கிறார்கள். "அதிக வரி கட்டுவது நாங்கள். எங்கள் சாலையைப் போடாமல், வரி கட்டாத பகுதிக்கு ஏன் செலவு செய்ய வேண்டும்?"

கேள்வியை ஒதுக்கிவிடக் கூடாது. பதில் சொல்ல வேண்டும்.

முதல் பதில்: கொசுவுக்கு எல்லை தெரியாது. ஏழைத் தெருச் சாக்கடையில் பிறந்த கொசு, மாடி வீட்டுக் குழந்தையையும் கடிக்கும். காய்ச்சல் வந்தால் வரி ரசீதைக் காட்டித் திருப்பி அனுப்ப முடியாது.

இரண்டாவது பதில்: பெரிய வீட்டில் சமைப்பவர் யார்? ஆஸ்பத்திரியைப் பெருக்குபவர் யார்? கடையில் மூட்டை தூக்குபவர் யார்? அவர்கள் எல்லோரும் அந்தச் சந்துகளில் இருந்துதான் வருகிறார்கள். அவர்கள் ஒரு வாரம் வராவிட்டால் பெரிய சாலை நாறிவிடும்.

மூன்றாவது பதில்தான் முக்கியம். பெரிய சாலையில் நிலத்துக்கு இவ்வளவு விலை ஏன் வந்தது? சொந்தக்காரர் உழைத்ததால் மட்டும் வந்ததா? பஸ் வந்தது. பாலம் வந்தது. சந்தை வந்தது. மக்கள் வந்தார்கள். அதனால் விலை ஏறியது. ஊர் கொடுத்த விலை அது. அதில் ஒரு பங்கை ஊருக்குத் திருப்பிக் கொடுப்பது தருமம் அல்ல, கணக்கு!

ஆனால் வசதியான பகுதியிலும் கஷ்டப்படுபவர்கள் உண்டு. அதை மறக்கக்கூடாது. அப்பா கட்டிய பெரிய வீடு. பிள்ளைகள் வெளியூரில். கையில் சின்ன ஓய்வூதியம். வீடு பெரியது; கை சிறியது. இப்படிப்பட்ட முதியவர்களுக்குத் தவணை கொடுக்கலாம். அபராதத்தைத் தள்ளலாம். வரியையே தள்ள வேண்டியது இல்லை. ஏனெனில் சொத்து இருக்கிறது.

ஏழைப் பகுதிக்காரர்களும் ஒன்றை உணர வேண்டும். "நாங்கள் ஏழை, வரியே வேண்டாம்" என்பது சரி அல்ல. சின்ன வரியாவது கட்டுகிறவருக்குத்தான் கேட்கும் குரல் கனமாக இருக்கும். ஐந்து ரூபாய் கட்டினாலும், "என் பணம் எங்கே?" என்று நிமிர்ந்து கேட்கலாம்.

ஊராட்சிகளின் கதை

நகரத்துக்குள் மட்டும்தானா ஏற்றத்தாழ்வு? நகரத்துக்கும் கிராமத்துக்கும் இடையிலும் இருக்கிறது.

1958-ம் ஆண்டு சென்னைப் பஞ்சாயத்துச் சட்டம் வந்தது. அதில் ஒரு நல்ல ஏற்பாடு இருந்தது. கிராமத்தில் எவ்வளவு வீட்டு வரி வசூல் ஆகிறதோ, அதே அளவுக்கு அரசாங்கமும் மானியம் தரும். ஊக்கம் தருவதற்காகச் செய்தது அது.

ஆனால் விளைவைப் பாருங்கள். வசதியான கிராமம் ஆயிரம் ரூபாய் வசூல் செய்தால், அரசாங்கம் ஆயிரம் தரும். ஏழைக் கிராமம் நூறு வசூல் செய்தால், நூறுதான் தரும். உள்ளவனுக்கு மேலும்; இல்லாதவனுக்குக் கொஞ்சம்! நல்ல எண்ணம்கூட அளவுகோல் தவறினால் அநீதியாகிவிடும்.

இன்று மாநில நிதி ஆணையம் இருக்கிறது. மாநிலத்தின் சொந்த வரி வருவாயில் 10 சதவீதத்தை உள்ளாட்சிகளுக்குப் பங்கு போடுகிறார்கள். மக்கள்தொகை முதலியவற்றைப் பார்த்துப் பிரிக்கிறார்கள். இது முன்னேற்றம். எந்த ஊருக்கு வரவு குறைவோ, அந்த ஊரின் பங்கு இதில் இன்னும் கூட வேண்டும்.

திருச்சியைச் சுற்றியுள்ள ஊராட்சிகள் சிலவற்றை மாநகராட்சியோடு சேர்க்கப் போவதாக 2025-ம் ஆண்டின் தொடக்கத்தில் பேச்சு வந்தது. அந்த ஊர் மக்கள் எதிர்த்தார்கள். "வரி உயரும், நூறு நாள் வேலை போய்விடும்" என்று அஞ்சினார்கள்.

அந்த அச்சத்தில் நியாயம் உண்டு. வரி மட்டும் முதல் ஆண்டே வந்துவிடுகிறது. குழாயும் சாக்கடையும் எத்தனையோ ஆண்டு கழித்து வருகின்றன! வசதி வந்த பிறகு நகர வரி. அதுவரை கிராம வரி. இப்படி ஒரு சட்டம் செய்தால் யார் எதிர்ப்பார்கள்?

என்ன செய்ய வேண்டும்?

ஒன்று: எல்லா வீட்டையும் புதிதாக அளக்க வேண்டும். அளக்காமல் சதவீதத்தில் உயர்த்துவது, கோணல் சுவரின் மீது இன்னொரு மாடி கட்டுவது போன்றது.

இரண்டு: 600 சதுர அடிக்கு உட்பட்ட வீட்டில் சொந்தக்காரரே குடியிருந்தால், அவருக்குத் தனிச் சலுகை தர வேண்டும்.

மூன்று: பாக்கி வசூலைப் பெரிய கட்டிடங்களில் இருந்து தொடங்க வேண்டும். சின்ன வீட்டுக் குழாயைத் துண்டிக்க வருகிற ஆள், முதலில் பெரிய கட்டிடத்தின் வாசலுக்குப் போகட்டும்.

நான்கு: எந்த வார்டில் எவ்வளவு வசூல், எந்த வார்டில் எவ்வளவு செலவு என்று ஆண்டுக்கு ஒரு முறை எல்லோருக்கும் புரிகிற தமிழில் எழுதி ஒட்ட வேண்டும். ரேஷன் கடைச் சுவரில் ஒட்டினால் போதும்.

ஐந்து: செலவு தேவையைப் பார்த்து நடக்க வேண்டும். செல்வாக்கைப் பார்த்து அல்ல.

நீங்கள் செய்யக்கூடியது

அரசாங்கம் செய்ய வேண்டியதைச் சொன்னோம். நாமும் செய்ய வேண்டியது இருக்கிறது.

உங்கள் வீட்டு வரி ரசீதை எடுத்துப் பாருங்கள். எழுத்துக் கூட்டிப் படிப்பவராக இருந்தாலும் படியுங்கள். பிள்ளையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படியுங்கள். வரி போட்டிருக்கும் சதுர அடி சரிதானா? குடியிருக்கும் வீட்டைக் கடை என்று எழுதியிருக்கிறார்களா? தவறு இருந்தால் மனுக் கொடுங்கள். மனு வாங்க மறுக்க யாருக்கும் உரிமை இல்லை.

ஏப்ரல் மாதத்திலும் அக்டோபர் மாதத்திலும், அந்தந்த அரையாண்டு வரியை முதல் 30 நாளுக்குள் கட்டினால் 5 சதவீதம் ஊக்கத்தொகை உண்டு. தாமதித்தால் மாதம் 1 சதவீதம் கூடும். இதை அறிந்தவர் லாபம் அடைகிறார். அறியாதவர் அபராதம் கட்டுகிறார். பெரும்பாலும் அறியாதவர் ஏழைதான். எனவே பக்கத்து வீட்டுக்கும் சொல்லுங்கள்.

2022-ம் ஆண்டில் இருந்து நகரங்களிலும் பகுதி சபைக் கூட்டம் நடத்த ஏற்பாடு வந்திருக்கிறது. கிராம சபை போல இது நகர மக்களின் சபை. அங்கே போய் உட்காருங்கள். பெண்கள் போக வேண்டும். தண்ணீருக்குக் குடம் தூக்குகிறவர் கேட்டால்தான், தண்ணீர்க் கணக்கு சரியாக வரும். "எங்கள் தெருவில் வசூல் எவ்வளவு? செலவு எவ்வளவு?" இந்த இரண்டே கேள்வி போதும்.

ஒரு தாய்க்கு ஐந்து பிள்ளைகள். ஒருவன் சம்பாதிக்கிறான். ஒருவன் நோயாளி. தாய் யாரிடம் பணம் வாங்குவாள்? சம்பாதிப்பவனிடம். யாருக்கு மருந்து வாங்குவாள்? நோயாளிக்கு. அதைப் பார்த்துச் சம்பாதிப்பவன் கோபித்துக்கொண்டால், அந்தக் குடும்பம் குடும்பம் அல்ல.

ஊரும் அப்படித்தான். தாங்குகிறவர் தோளில் சுமையை ஏற்று. தேவைப்படுகிறவர் வாசலில் இறக்கு. வரியில் நீதி என்றால் இதுதான்!